வளைவின் வலது பக்கம்

இரவு மணி ஒன்று நாற்பது. ஊருக்கு வெளியே ஒரு சாலை. இரண்டு பக்கமும் காலி நிலம். கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் விளக்கு எரியவில்லை... அந்த இருட்டில் ஒரு பழைய ஸ்கூட்டர் மட்டும் வருகிறது. தடதட... தடதட...

பொறுங்கள். ஸ்கூட்டர்காரரை அங்கேயே ஓட்டிக்கொண்டிருக்க விடுவோம். கதவைத் தாழ் போட்டாயிற்றா? எழுந்து போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள். நடுவில் எழுந்தால் நான் துணைக்கு வரமாட்டேன்.

இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. சிநேகிதன் வாயைத் திறந்தால் பொய்தான். ஆனால் இதைச் சொன்ன அன்று, உதட்டில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து, அப்படியே எடுத்துப் பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிட்டான். அதனால் நம்புகிறேன்.

சித்தப்பாவின் தொழில் பல்செட் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பதித்துக் கொடுப்பார். ஊரில் பாதிப் பெரிசுகள் இவர் புண்ணியத்தில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பெயரே பல்செட்டு என்றாகிவிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பல்செட்டுக்கு ஒரே அக்கா. அக்காவின் கணவர் சரக்கு ரயில் ஓட்டியவர். முப்பத்து நான்கு வருடம், எல்லாம் ராத்திரி வண்டி. ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு இரவில் கண் மூடாது. விடிய விடிய வீட்டுக்குள் நடப்பார். அக்கா சொல்லிச் சிரிப்பாள்: "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறத்தான் வேணும். எங்க வீட்டுப் பேய் செருப்பு போட்டுக்கிட்டு நடக்குது, அதான் வித்தியாசம்." சிரித்தாளே தவிர, அவளும் தூங்குவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தம்பிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அம்மா போன பிறகு அவரை வளர்த்ததே அவள்தான்.

ஒரு நாள் சாயங்காலம் டிரைவர் மச்சினனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்ளே, நான் ஓட்டின பழைய லைனைச் சின்னதா செஞ்சு பார்க்கணும். ஒரு வளைவு, ஒரு பாலம். அவ்வளவுதான். உன் கை இருந்தா முடியும்."

"ரயில் பொம்மையா அத்தான்? பேரன் பேத்திகூட இன்னும் பொறக்கலையே."

டிரைவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறைப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

ரயில் என்ஜினில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார், உதவியாள் வலது பக்கம். அந்தக் கால என்ஜினுக்கு முன்னால் நீளமான மூக்கு. பாதை வலது பக்கம் வளைந்தால் அந்த மூக்கு டிரைவரின் கண்ணை முழுக்க மறைத்துவிடும். அப்போது உதவியாளின் கண்தான் டிரைவருக்கும் கண். அதற்காகவே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பச்சை!" என்றால் "பச்சை!" வலது வளைவில் உதவியாள் முதலில் சொல்லுவான்; டிரைவர் திருப்பிச் சொல்லுவார். திருப்பிச் சொல்லிவிட்டால் காதில் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம்.

அந்த ராத்திரி, வளைவில், உதவியாள் "சிவப்பு!" என்று கத்தினான்.

டிரைவர் திருப்பிச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய மாதம்தான் அதே உதவியாள், எவனோ குளிருக்கு மூட்டிய நெருப்பைப் பார்த்துச் சிவப்பு என்று கத்தி, மேட்டில் வண்டி நின்று, நகர முடியாமல் இரண்டு பேரும் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த எரிச்சல். "எவனாவது பீடி பிடிச்சிட்டு இருப்பான், சும்மா இருடா" என்றார். பையன் மறுபடி கத்தினான். மூன்றாவது தடவையும் கத்தினான்... வண்டி பாலத்தின் மேல் போய்விட்டது.

லைனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற ரோந்துக்காரர் பாலத்தில் வழுக்கி, கட்டைகளுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டு, கையிலிருந்த சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

விசாரணையில் கேட்டார்கள். டிரைவர் எழுதிக் கொடுத்தார்: 'உதவியாளர் எச்சரிக்கை எதுவும் தரவில்லை.' பையன் மறுத்துப் பேசவில்லை. டிரைவரை அண்ணன், அண்ணன் என்று அழைத்துப் பழகியவன். வேலை போயிற்று. ஒரு ஜவுளிக் கடையில் காவலுக்கு நின்றான்.

"எதிர்ல பார்த்தா, 'நல்லா இருக்கீங்களாண்ணே'ன்னு கேட்பான் மாப்ளே. ஒரு தடவைகூட மூஞ்சியைத் திருப்பிக்கல. போன வருஷம் நுரையீரல்ல என்னமோ வந்து செத்துப் போனான். நான் போகல. போக முடியல."

"இப்போ இதைச் செஞ்சு என்ன ஆகப் போகுது அத்தான்?"

"கணக்கு பார்க்கணும். வண்டி நிக்க ஆறு கம்ப தூரம் வேணும். அந்த வளைவுல வலது பக்கம் ஒரு பாறை மேடு இருக்குன்னு அவன் சொல்லுவான். அது பாலத்தை மறைச்சிருந்தா, அவனுக்கே விளக்கு கடைசியிலதான் தெரிஞ்சிருக்கும். நான் பிரேக் போட்டிருந்தாலும் நின்னிருக்காது. அது மட்டும் உறுதியாத் தெரிஞ்சா போதும்... நான் தூங்கிடுவேன்."

நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. லைனைப் பிடுங்கி, மேட்டை உடைத்து, எல்லாவற்றையும் தரைமட்டமாக்கி வருடக்கணக்காகிவிட்டது. படம் கிடையாது. இருந்தது டிரைவரின் ஞாபகம் ஒன்றுதான்.

பல்செட்டு சரி என்றார். அத்தானுக்காக இல்லை. அவர் தூங்கினால் அக்காவும் தூங்குவாளே என்றுதான்.

முன்னறையில் சோபாவை ஓரம் கட்டிவிட்டு, பன்னிரண்டு அடியில் பிளைவுட் மேசை போட்டார்கள். தீக்குச்சியில் கட்டைகள். பல்குத்தும் குச்சியில் கம்பங்கள். இடது பக்கத்தை டிரைவர் சொல்லச் சொல்ல, பல்செட்டு செய்துகொண்டே போனார். ஏழாவது கம்பம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதன் அடியில் யாரோ விட்டுப் போன துருப்பிடித்த டிரம். அப்புறம் ஒரு சுவர், அதில் வெள்ளையடித்து எழுதிய எழுத்தில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் அழிந்திருக்கும். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

வலது பக்கம் என்றதும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"தெரியாது மாப்ளே."

"அதெப்படி? திரும்பி வரும்போது பார்த்திருப்பீங்களே?"

"சரக்கு ஏத்தின வண்டி மட்டும்தான் அந்த வழி. காலி வண்டி வேற லைன்ல திரும்பும். அந்த வளைவோட வலது பக்கத்தை நான் என் ஆயுசுல பார்த்ததே இல்ல."

அதனால் வலது பக்கம் பிளாஸ்டரை மொத்தையாக ஊற்றி அப்படியே விட்டார்கள். பல்லில்லாத ஈறு போல வெள்ளையாக ஒரு மேடு. பிறகு யோசிக்கலாம் என்று பல்செட்டு கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை டிரைவர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"சபாஷ் மாப்ளே! எப்போடா செஞ்சே? அவன் அடிக்கடி சொல்லுவானே, அந்த ஒத்தையடிப் பாதை, அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தப் பாதை?"

பல்செட்டு போய்ப் பார்த்தார். வெள்ளை மேட்டில் மேலிருந்து கீழே ஒரு பாதை இறங்கியிருந்தது. ஓரத்தில் படிப்படியாகப் பாறை வெட்டியிருந்தது. காய்ந்து கல்லாகிவிட்ட பிளாஸ்டர் அது. அதைச் சுரண்ட வேண்டுமானால் கத்தியும் வேண்டும், பாதி நாளும் வேண்டும். தூள் ஒரு கூடை விழும். மேசையில் தூளே இல்லை. அறையில் மட்டும் ஏதோ வாடை... சூடேறிய இரும்பு மேல் தண்ணீர் பட்டால் வருமே, அந்த வாடை.

அத்தான்தான் தூக்கம் வராமல் செய்துவிட்டு விளையாடுகிறார் என்று பல்செட்டு நினைத்தார். மச்சினன்தான் சாவி போட்டுத் திறந்து வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று டிரைவர் நினைத்தார். ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் உள்ளூர உதறல் எடுத்ததை இரண்டு பேருமே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த காலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்த நாள் இடிந்த குடிசை ஒன்று, கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டு. நான்காம் நாள் பாறை மேட்டின் உச்சி வழிக்கப்பட்டு, தாழ்ந்து, பின்னால் தள்ளிப் போயிருந்தது. அங்கேதான் பல்செட்டு ஒன்றைப் பார்த்தார்.

பிளாஸ்டரில் ஒரு பெருவிரல் ரேகை. ஈரமாக இருக்கும்போது அழுத்தினால்தான் அப்படிப் பதியும். ஆனால் அந்த இடம் காய்ந்து நான்கு நாளாகிறது. பல்செட்டு தன் விரலை வைத்துப் பார்த்தார்... விரல் உள்ளே ஆடியது. அத்தானைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். அவருடையது பெரிய கை. அதுவும் ஆடியது.

"அவனுக்குக் கட்டை விரல் இவ்வளவு அகலமா இருக்கும்" என்றார் டிரைவர், மெதுவாக. பிறகு விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

அன்று இரவு வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அக்கா படுத்துவிட்டாள். டிரைவர் மேசையின் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை நீள என்ஜின். பின்னால் பத்துப் பெட்டி. டிக்-டிக்... டிக்-டிக்... சின்னத் தண்டவாளத்தில் சின்னச் சத்தம்.

முதல் சிக்னல் வந்தது. பழக்கதோஷம், டிரைவரின் வாய் தானாகச் சொன்னது.

"பச்சை!"

மேசையின் வலது பக்கத்திலிருந்து...

"பச்சை!"

சத்தமான குரல் இல்லை. களைத்த குரல். என்ஜின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசித் தேய்ந்த குரல். மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க மட்டும் இடம் இருந்தது. அங்கே யாரும் இல்லை. சூடான இரும்பு வாடை மட்டும் கமறிக்கொண்டு வந்தது.

பல்செட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். டிரைவரோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் மட்டும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

வண்டி வளைவுக்குள் நுழைந்தது. இப்போது அந்தப் பக்கம் முதலில் பேசியது.

"சிவப்பு..."

டிரைவரின் வாய் திறந்தது. மூடியது. திரும்பத் திறந்தது. ஒரு சொல், அவ்வளவுதான். அந்தச் சொல் வெளியே வரவில்லை. திருகை அணைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கணக்கைப் பார்த்துடு மாப்ளே. இப்பவே பார்த்துடு."

பல்செட்டு பையிலிருந்து தொழில் சாமானை எடுத்தார். வாய்க்குள் விட்டுப் பின்பல்லைப் பார்ப்பார்களே, அந்தக் குட்டிக் கண்ணாடி. பாலத்தில் ஒரு சின்னச் சிவப்பு பல்பை வைத்தார். மண்டியிட்டு, கண்ணாடியை என்ஜினின் வலது ஜன்னலில் வைத்து, உதவியாள் உட்காருகிற இடத்திலிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தார். என்ஜினைக் கம்பம் கம்பமாகப் பின்னுக்குத் தள்ளினார். மூன்று கம்பம். தெரிந்தது. ஐந்து. தெரிந்தது. ஆறு... ஏழு... எட்டு... கண்ணாடியில் அந்தச் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. பத்தாவது கம்பத்தில்தான் மேடு அதை மறைத்தது.

"எத்தனை?"

பல்செட்டு கண்ணாடியைத் துடைத்துத் திரும்பவும் வைத்துப் பார்த்தார்.

"எத்தனைடா?"

"ஒன்பது, அத்தான்."

ஆறு போதும். ஒன்பதில் கத்தியிருக்கிறான். மூன்று கம்ப தூரம் மிச்சம் வைத்துத்தான் கத்தியிருக்கிறான்.

டிரைவர் ஒவ்வொரு கம்பமாக விரல் வைத்துத் தானும் எண்ணிப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதுதான், கேளுங்கள், இந்தக் கதையிலேயே எனக்குப் பயம் தருகிற இடம்.

"அந்த மேட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளு மாப்ளே."

"அத்தான்..."

"யார் செஞ்சதுன்னே தெரியாத மேடு. அதை எப்படி நம்பறது? வண்டி நாலாவது கம்பத்துக்கு வர்ற வரைக்கும் விளக்கை மறைக்கிற மாதிரி கட்டு. உன்னால முடியும். உங்க அக்காவுக்காகச் செய்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர்கள் ஒரு பாலத்தையே பிளாஸ்டரில் மறைத்தார்கள். பல்செட்டு அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டார், கிண்ணத்தில் பிளாஸ்டரைக் குழைத்தார், ஈறு கட்டுகிற மாதிரி மேட்டைக் கட்டினார். அந்தப் பெருவிரல் ரேகையும் அதற்குள் போய்விட்டது. காய்வதற்கு அரை மணி நேரம்.

மறுபடி வண்டி கிளம்பியது.

"பச்சை!" என்றார் டிரைவர்.

பதில் இல்லை.

வளைவு வந்தது. வலது பக்கம் சத்தமே இல்லை. இரும்பு வாடையும் இல்லை. வண்டி பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"பார்த்தியா?" டிரைவரின் முகம் குழந்தை முகம் மாதிரி மலர்ந்துவிட்டது. "அவனுக்குத் தெரியல. அவனுக்கே தெரியல பாரு!" சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் குறட்டை.

அந்தச் சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நம்ப முடியாமல் பார்த்தாள். ஒரு போர்வையைக் கொண்டு வந்து போர்த்தினாள். தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப் போய், டீ போட்டுக் கொடுத்து, அவர் தலையைத் தடவினாள்.

"என்னடா மந்திரம் போட்டே? நீ நல்லா இருக்கணும்டா."

பல்செட்டு டீயைக் குடித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவும் தம்பியும் சின்ன வயதுக் கதையெல்லாம் பேசி, நேரம் போனதே தெரியவில்லை. தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்று பின்வாசல் வழியாகவே கிளம்பினார். முன்னறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மணி ஒன்று நாற்பது... நாம் விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். அதே சாலை. அதே ஸ்கூட்டர்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பல்செட்டு ரயில் வேலைக்காக அந்தச் சாலையில் இரண்டு மாதமாக ராத்திரியில் போய் வருகிறவர். அன்றைக்கு மட்டும் வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே மனம் வரவில்லை. காற்று இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. சாலை வலது பக்கமாக வளைய ஆரம்பித்தது. அப்போது அந்த வாடை வந்தது... சூடான இரும்பு, அதன் மேல் தண்ணீர்.

வலது காதுக்குப் பக்கத்தில், மூச்சுப் படுகிற தூரத்தில்...

"சிவப்பு!"

பிரேக்கை அழுத்தினார். வண்டி கிறீச்சென்று சறுக்கிக் குறுக்கே நின்றது. என்ஜின் அணைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முன்னால் பார்த்தார்.

வளைவின் உட்பக்கம், தொலைவில், தரையோடு தரையாக ஒரு சிவப்புப் புள்ளி. அசையாமல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை இடது பக்கம் போயிற்று... வலது பக்கம் வந்தது... நின்றுவிட்டது.

"சிவப்பு!" என்றது காதில் மறுபடி. இந்தத் தடவை அதில் ஒரு கெஞ்சல் இருந்தது.

பல்செட்டு என்ன செய்தார் தெரியுமா? பயந்தால் நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். தனக்குத் தானே சத்தமாகப் பேசிக்கொண்டார்.

"எவனோ லாரியை ஓரங்கட்டிட்டு பீடி பிடிக்கிறான். வேற ஒண்ணும் இல்ல."

உதைத்து வண்டியைக் கிளப்பினார். வந்த வழியே திருப்பினார். பெட்ரோல் பங்க் இருக்கிற பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு, நான்கு மைல் அதிகமாக ஓட்டி வீடு போய்ச் சேர்ந்து, விளக்கை அணைக்காமல் படுத்தார்.

விடிந்தபோது போன் வந்தது. பேசியது அக்கா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

டிரைவர் தூக்கத்தில் எழுந்து, அலமாரியில் கிடந்த பழைய சிவப்பு டார்ச்சை எடுத்துக்கொண்டு, முன்வாசலைத் திறந்து நடந்திருக்கிறார். செருப்புகூடப் போடவில்லை, அதனால் அக்காவுக்குச் சத்தம் கேட்கவில்லை. அந்த வளைவில் ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மூன்றரை மணிக்குப் பத்திரிகைக் கட்டு ஏற்றி வந்த வேன்காரர்தான் பார்த்துத் தூக்கிப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போயிற்று. டாக்டர் அக்காவிடம் மறைக்காமல் சொன்னார்: "ரத்தம் போனதுதாம்மா காரணம். ரெண்டு மணிக்குள்ள யாராவது கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பார்."

அன்று மத்தியானம் பல்செட்டு அந்த வளைவுக்குத் தனியாகப் போனார். சாலையில் அவருடைய ஸ்கூட்டர் டயர் இழுத்த கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. அங்கிருந்து சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்த இடம் வரைக்கும் நடந்தார். கம்பங்களை எண்ணிக்கொண்டே நடந்தார். ஒன்பது.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். மெதுவாகப் பேசினார். அக்கா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகத் தம்பியின் கையை விடவில்லை, இப்போதும் பிடித்திருந்தாள்.

"அன்னிக்கு ராத்திரி நீங்க இங்கிருந்துதானே கிளம்பினீங்க? அந்த வளைவு வழியாப் போனீங்களா?"

"வளைவு வரைக்கும் போனேன். அப்புறம்... சும்மா பெரிய ரோடு வழியா சுத்திப் போனேன்."

"அங்க ஏதாவது வெளிச்சம், ஆள், ஏதாவது கண்ணுல பட்டுதா? யாராவது கூப்பிட்டாங்களா?"

அக்கா நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. கேட்டால் எதையும் நம்புகிற பார்வை. பிடித்திருந்த கை சூடாக இருந்தது.

பல்செட்டு சொன்னார். "இல்ல சார். நான் ஒண்ணும் பார்க்கல. யாரும் எதுவும் சொல்லல."

போலீஸ்காரர் அதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். கிளம்புவதற்கு எழுந்தவர், ஏதோ நினைவு வந்தவராகப் போனை எடுத்துத் தேய்த்து, ஒரு படத்தை நீட்டினார். பெட்ரோல் பங்க் கேமராவில் விழுந்தது. மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

பல்செட்டின் ஸ்கூட்டர் தெளிவாகத் தெரிந்தது. பின்சீட்டில் ஒரு ஆள். காவல்காரர்கள் போடுகிற மாதிரிக் காக்கிச் சட்டை. வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை பல்செட்டின் தோளைப் பற்றியிருந்தது. இன்னொரு கை, வந்த வழியைக் காட்டி நீண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் போலீஸ்காரர். "உங்க பின்னாடி உட்கார்ந்து வந்தவரையும் ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க. அவர் என்ன பார்த்தார்னு கேட்டு எழுதிக்கிறோம்."